இசக்கிப்பாண்டியின் நுரை

2023 ஜூலை மூன்றாம் வாரம், தக்காளி கிலோ நூற்றிருபதுக்கு விற்றபோது, தாராவி தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் பொதுக் கக்கூஸிலிருந்து பதினேழு பேருடைய மூத்திர நுரை எழுந்து, அவரவர் பின்னாலேயே வீடு வரை வந்தது. இட்லி அளவு, வெள்ளை நிறம், இடுப்பு உயரத்தில் மிதந்தது. நாற்றம் இல்லை. கதவைச் சாத்தினால் வாசலில் காத்திருந்தது. ஊசியால் குத்திப் பார்த்தவர்கள் ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டார்கள், நுரைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து கொசு மருந்து அடித்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சந்தில் இதற்கு அர்த்தம் தெரிந்தவள் ஒருத்திதான். மாரீஸ்வரி, அவள் குடும்பத்தில் முதல் டிகிரிக்காரி, செம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சர்க்கரை நோயாளிகளின் கிட்னியைப் பற்றி வேலை செய்தாள். கிட்னி கெடத் தொடங்கும்போது வலிக்காது. முதலில் மூத்திரத்தில் புரதம் கசியும், அதுதான் நுரைக்கும். ரத்தத்தில் தெரியும்போது பாதி போயிருக்கும். கசிவை முன்கூட்டியே பிடிப்பதற்காக மூன்று வருடமாக முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் காலையின் முதல் மூத்திரத்தை வாங்கி, பையில் போட்டு, ரயிலேறிக் கொண்டுபோனாள். ஜனங்களோ டெஸ்டைப் பரீட்சையாக நினைத்தார்கள். இரண்டு நாள் முன்னாலிருந்து டீயில் சர்க்கரையை நிறுத்தி, பாஸாகிவிட்டு, திரும்பும் வழியில் ஜிலேபி தின்றார்கள். நாற்பத்தோராம் நம்பர் மட்டும் மூன்று வருடமும் சுத்தம். அது அவளுடைய அப்பா இசக்கிப்பாண்டி, பெல்ட் தைக்கும் லெதர் பட்டறையில் வேலை, பதினோரு வருடச் சர்க்கரை. அவரைக் காட்டித்தான் மற்றவர்களை அவள் திட்டினாள்.

நுரை வந்ததும் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போய் அளந்தாள். அளவும் புரதமும் அப்படியே பொருந்தின. நிலையத்தின் பெரிய டாக்டர், “இதெல்லாம் டேட்டா இல்லம்மா” என்றார். அடுத்த வாரம் மாட்டுங்காவில் அவருடைய பிளாட் லிஃப்டில் ஒன்று அவரோடு ஏறியது. அதற்குப் பிறகு அது டேட்டா ஆனது.

சந்தின் பதினெட்டாவது நுரை பட்டறையில் கவிழ்த்த பக்கெட்டுக்குள் இருந்தது. பக்கெட் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி நின்றதால் தெரிந்துபோயிற்று. இருபது வருடம் இசக்கிப்பாண்டியின் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்ட சைஃப்தான் உண்மையைச் சொன்னார்.

“பேட்டி, மகளே, கோபப்படாத. உங்கப்பா குடுத்த பாட்டில் பூரா என்னோடது. எவ்வளவு க்ளீன்னு நீயே சொன்னியே, வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

இசக்கிப்பாண்டி தலையைத் தூக்கவில்லை. “பெத்த பிள்ள கையில அதக் கொண்டு போயி எப்படிட்டி குடுப்பேன்?”

“முந்நூறு பேரோடத மடியில வச்சிட்டு ட்ரெயின்ல போறேன். ஒங்களுதுதான் என்னச் சுட்டுருமா? மிசின் கெட்டா மெக்கானிக்குகிட்ட மறைப்பியளா?”

“மெக்கானிக் என்ன, நான் பெத்தவனா?” என்றார் அவர். சைஃப் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அப்பாவின் டப்பாவைத் திறந்து, இடுப்பு வலிக்கு அவர் தினமும் விழுங்கிவந்த மாத்திரைப் பட்டைகளை எடுத்துச் சாக்கடையில் எறிந்தாள். வலி மாத்திரை கிட்னியைத் தின்னும் என்று மற்றவர்கள் வீட்டிலெல்லாம் சொன்னவள், தன் வீட்டில் பார்க்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துதான் விழுந்தது.

மறுநாள் காலை பாட்டில் மூன்று பாலிதீன் பைக்குள் கட்டப்பட்டு மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. முப்பதுக்குள் இருக்க வேண்டிய புரதம் நானூற்றுப் பத்து. ரத்தம் மட்டும் இன்னும் நன்றாக இருந்தது, அதாவது நேரம் இருந்தது. நோட்டில் நாற்பத்தோராம் நம்பரின் மூன்று வருடத்தையும் அவளே கோடு போட்டு அடித்தாள். கிட்னி டாக்டர் எழுதிய இரண்டு மாத்திரை தொடங்கியது, கருவாடு மாதம் ஒரு ஞாயிறு என்றானது. தீபாவளிக்கு நுரை எலுமிச்சை அளவுக்கு இறங்கியது, அடுத்த மழைக்கு நெல்லிக்காய். சந்தில் மற்றவர்களும் கக்கூஸ் வரிசையில் அவரவர் நுரையை ஒப்பிட்டுப் பார்த்து, அளவு ஏறியவனைக் கேலி செய்து, செம்பூருக்கு விரட்டினார்கள். டெஸ்டுக்கு முன்னால் யாரும் பட்டினி கிடப்பதில்லை, நுரையை ஏமாற்ற முடியாது.

இப்போது அது சுண்டைக்காய் அளவில் இருக்கிறது, புரதம் எண்பது. திங்கட்கிழமை காலையில் இசக்கிப்பாண்டி பாட்டிலை நேராக மகள் கையில் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குக் கிளம்புகிறார். மழை பெய்தால் குடையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பிடித்து நடக்கிறார். முன்பக்கம் சட்டை நனைகிறதே என்று சைஃப் கேட்டால், பின்னால் வருவது நனைந்து ஊதிப்போனால் பிள்ளைக்கு அளவு தப்பிவிடும் என்கிறார்.