பரிசு ஒரு ஃபிரிட்ஜ்

மணியம்மா மாவு டப்பாவுக்காக மூன்றாவது முறை கதவைத் தட்டியபோது ஹேமநாத் குளியலறையில் இருந்தான். குளிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒளிந்திருந்தான்.

"டேய் ஹேமா, உள்ளதான கீற? கதவத் தொற. மாவு எடுக்கணும்."

"குளிச்சிக்கினு கீறேன் எக்கா."

"காலையிலயும் குளிச்சிக்கினுதான் இருந்த. நீ இன்னா மனுசனா, எருமையா?"

மணியம்மா வீட்டு ஃபிரிட்ஜ் பழுதாகி இரண்டு மாதம். அதைச் சரிசெய்யும் எண்ணம் அந்த அம்மாளுக்கு இருப்பதாக நகரி ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அவருடைய மாவு, பால், மல்லிகைப்பூ எல்லாம் பக்கத்து வீட்டில், ஹேமநாத்தின் மனைவி செல்வியின் ஃபிரிட்ஜில்தான் குடியிருந்தன. ஆனால் அந்த மாவு நேற்றே புளித்துப் பொங்கி, ஹேமநாத்தின் கூட்டாளி சந்துரு வீட்டில் தோசையாகித் தீர்ந்துவிட்டது. மாவு ஏன் புளித்தது என்று கேட்டால்தான் வம்பு. செல்வியின் ஃபிரிட்ஜ் இப்போது ஃபிரிட்ஜாக இல்லை.

செல்வி தன் அக்கா மகளின் மஞ்சள் நீராட்டுக்காகப் பிச்சாட்டூருக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. ஞாயிறு சாயங்காலம் வந்துவிடுவாள். எட்டு வருடத்துக்கு முன் அவள் தறிக்கு நூல் தார் சுற்றிச் சம்பாதித்து வாங்கிய ஃபிரிட்ஜ் அது. வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்து மஞ்சள் குங்குமம் வைப்பாள். புருஷனுக்கு வைத்துப் பார்த்தவர்கள் தெருவில் இல்லை.

அவள் பஸ் ஏறிய அன்று மதியமே ஹேமநாத்தின் போனில் அந்த அறிவிப்பு வந்து விழுந்தது. திருப்பதியில் தொழில்நுட்ப ஆர்வலர் குழு ஒன்று நடத்தும் போட்டி. வீட்டில் செய்த கருவியால் ஒரு டின் குளிர்பானத்தை யார் வேகமாகச் சில்லென்று ஆக்குகிறார்களோ அவர்களுக்கு முதல் பரிசு ஃபிரிட்ஜ். படத்தில் இரண்டு கதவு வைத்து ஆளுயரத்துக்கு நின்றது.

தறி மெக்கானிக்கான ஹேமநாத் போட்ட கணக்கு சுலபமானது. பழைய ஃபிரிட்ஜைப் பிரித்துக் கருவி செய்வது, ஜெயித்துப் புது ஃபிரிட்ஜ் வாங்குவது, அவள் வருவதற்குள் அதே மூலையில் நிறுத்திவிடுவது. ஜெயிக்காவிட்டால்? அந்தக் கேள்வி கணக்கில் வரவேயில்லை. பிரித்து முடித்த பிறகுதான் வந்தது. வந்தது போகவும் இல்லை. அன்றிலிருந்து அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றுத் தட்டோடு கூடத்தில் நடந்தான். போன் அடித்தால் துள்ளினான்.

"ஃபிரிட்ஜுல பால் கீதா பாரு" என்று செல்வி ஒருமுறை கேட்டாள்.

"கீது கீது. அது எங்க போவப்போவுது."

கருவியைக் குறை சொல்ல முடியாது. ஃபிரிட்ஜின் குளிர்க்குழாயை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கியிருந்தான். உப்பு இருந்தால் தண்ணீர் உறையாமலே பனிக்கட்டியைவிடக் குளிரும். அந்தத் தண்ணீரில் டின்னைச் சுழற்ற, தறிக்குத் தார் சுற்றுகிற மெஷினின் சின்ன மோட்டார். டின்னைப் பிடிக்க, திருகுமூடி போல மரை வெட்டிய ஒரு கிண்ணம். மோட்டார் சுற்றச் சுற்றக் கிண்ணம் இறுகும். தறிக் கொட்டகையில் சோதித்தபோது இரண்டே நிமிடத்தில் டின் பல்லைக் கூசவைத்தது.

ஞாயிறு விடியும் முன்பே சந்துருவின் குட்டியானை வேனில் எல்லாவற்றையும் ஏற்றி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி போய்ச் சேர்ந்தார்கள். ஒரு கல்யாண மண்டபம். எட்டு மணிக்கே தொட்டியைக் குளிர வைத்தாயிற்று. பன்னிரண்டுக்குப் போட்டி. நடுவர் வேதாச்சலம், பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சட்டையில் கஞ்சி மொடமொடக்க மைக்கில் விதி சொன்னார். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. வெளியிலிருந்து ஐஸ் கூடாது. கருவியை ஸ்டார்ட் செய்ய மட்டும் கை படலாம், அதன் பிறகு படக்கூடாது. எட்டு டிகிரிக்கு வரவேண்டும்.

கீர்த்தி என்ற கல்லூரிப் பெண் மூன்று நிமிடம் பத்து விநாடியில் முடித்துக் கைதட்டல் வாங்கினாள். ஹேமநாத் மனதுக்குள் சிரித்தான். தன் முறை வந்ததும் மோட்டாரின் ஒயரைக் கையில் எடுத்தான். எடுத்தவன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னாடா?" என்றான் சந்துரு.

"பிளக்கு."

"கீதே."

"இது த்ரீ பேஸ் மோட்டார்டா. இங்க சிங்கிள் பேஸ்தான் வருது."

நகரியில் தறி வீட்டில் பிறந்தவனுக்குக் கரண்ட் என்றாலே மூன்று கம்பிதான். உலகத்தில் பாதிக்கு மேல் ஒற்றைக் கம்பியில் வாழ்கிறது என்பது அவனுக்கு ஞாபகமே வரவில்லை. ஏன், அவன் வீட்டுச் சமையலறையிலேயே அதுதான்.

"ஏமய்யா, ஸ்டார்ட் செய்!" என்று வேதாச்சலம் தெலுங்கும் தமிழுமாக அவசரப்படுத்தினார்.

கொட்டகையில் ஒரு பேஸ் போய்விட்டால் தறி நின்று உறுமும். அப்போது பெல்ட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டால் மோட்டார் பிடித்துக்கொள்ளும். இழுத்த பக்கமே ஓடும். மெக்கானிக் செய்யக்கூடாத வேலை. மெக்கானிக்குகள் எல்லாரும் செய்கிற வேலை. ஹேமநாத் மோட்டாரின் மூன்று கம்பியில் இரண்டை மட்டும் பிளக்கில் சொருகினான். மோட்டார் உறுமியது. பெல்ட்டைத் தன் பக்கம் ஓர் இழு இழுத்தான்.

ஓடியது. மண்டபம் கைதட்டியது. ஆனால் இறுகவேண்டிய மரைக் கிண்ணம் கழன்றுகொண்டே வந்தது. மூன்று எண்ணுவதற்குள் டின் தொட்டியை விட்டு எகிறி, நடுவர் மேசையில் மோதி வெடித்து, வேதாச்சலத்தின் கஞ்சிச் சட்டை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பொங்கியது.

"தூ! உப்பு வேறயா இது!" என்று அவர் நாக்கை வழித்தார்.

சிரிப்பு அடங்கும்போதுதான் மூன்றாவது வரிசையில் பட்டுப்புடவையோடு எழுந்த ஒருத்தியை ஹேமநாத் பார்த்தான். கையில் வெற்றிலை பாக்குப் பை. செல்வி.

"நீ... எப்பிடி..."

"மணியம்மா எக்கா வாசல்ல நின்னா ஒண்ணும் தெரியாது, ஜன்னல்ல நின்னா எல்லாம் தெரியும், நீங்க பேசிக்கின திருப்பதி மண்டபம் வரைக்கும். போன் போட்டு அழுவுறா. ஃபிரிட்ஜு போச்சேன்னு இல்ல, மாவு போச்சேன்னு." தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தன் ஃபிரிட்ஜின் குடல் உப்புத் தண்ணீரில் கிடப்பதைப் பார்த்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பரிசு இன்னா?"

"ஃபிரிட்ஜு."

"இன்னொரு வாட்டி கீதா?"

"கீது. ஆனா கிண்ணம் கழலுதே. மரை தேஞ்சிப்போச்சு போல..."

"மரையும் இல்ல, மண்ணும் இல்ல. நீ தறிக்கு இழுக்கிற மாதிரி உம்பக்கம் இழுத்த. தார் மிஷினு எதிர்ப்பக்கம் சுத்துறது. ஒரு நாளாவது தார் சுத்திக் கீறியா நீ? தள்ளு."

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "ஏமம்மா, நுவ்வு எவரு?" என்று வேதாச்சலம் கேட்டார். "ஃபிரிட்ஜோட ஓனரு சார்" என்றாள் செல்வி. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. சட்டை ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் பெல்ட்டை எதிர்ப்பக்கம் ஒரே தள்ளாகத் தள்ளினாள். மோட்டார் பிடித்துக்கொண்டது. கிண்ணம் இறுகியது. டின் உப்புத் தண்ணீரில் பம்பரமாகச் சுற்ற, ஹேமநாத் கடிகாரத்தைப் பார்த்தான், செல்வியைப் பார்த்தான், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். மோட்டாரிலிருந்து புகைநாற்றம் வந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சந்துரு அதற்குக் கெஞ்சினான். இரண்டு நிமிடம் நாற்பது விநாடியில் கருவி நின்றது; மோட்டார் கருகித்தான் நின்றது. டின்னைத் திறந்து வெப்பமானியை விட்டுப் பார்த்தார்கள். ஏழரை டிகிரி.

முதல் பரிசு.

ஹேமநாத் மூன்று நாளில் முதல்முறையாக உட்கார்ந்தான். மேடையில் பரிசைக் கொண்டுவந்து வைத்ததும் எழுந்துவிட்டான். முழங்கால் உயரத்துக்கு ஒரு பெட்டி. காரில் வைத்துக்கொள்கிற ஃபிரிட்ஜாம். ஆறு டின் பிடிக்குமாம்.

"படத்துல பெருசா..." என்று ஆரம்பித்தான்.

"படம் மாதிரிக்குத்தான்" என்றார் வேதாச்சலம், சட்டையைப் பிழிந்துகொண்டே.

திரும்பும் வழியெல்லாம் செல்வி அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ரேணிகுண்டா வந்தது, புத்தூர் வந்தது, திட்டு மட்டும் வரவில்லை. அவள் திட்டியிருந்தால் ஹேமநாத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சந்துருகூட ஹார்ன் அடிக்கப் பயந்துகொண்டு ஓட்டினான்.

தெருவில் கூட்டம். சண்டை பார்க்க வந்தவர்கள், பரிசு பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். மணியம்மா புதிதாக அரைத்த மாவுடன் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார். செல்வி சிரிக்காமல் டப்பாவை வாங்கிப் பரிசுப் பெட்டிக்குள் வைத்தாள். அது ஒன்றே இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டது. கதவு மூடவில்லை.

"டப்பாவச் சின்னதா வாங்கு எக்கா" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு வெல்டரக் கூப்டுவியோ, கேஸ் ரொப்புறவனக் கூப்டுவியோ. பழசு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே நிக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள. நான் பொட்டு வைக்கணும்."

"சரி" என்றான் ஹேமநாத். சொல்லிக்கொண்டே குனிந்து, குட்டிப் பெட்டியின் பின்பக்கத்தில் எத்தனை திருகாணி என்று விரலால் தடவிப் பார்த்தான்.

செல்வி பெட்டியை வீட்டுக்குள் தூக்கிப்போய், அதன் முதுகு சுவரோடு ஒட்ட வைத்து, முன்னால் அம்மிக்கல்லை நகர்த்தி முட்டுக்கொடுத்தாள்.