தொண்ணூற்றொன்றாம் நாள்

1

பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். விமான நிலையத்தின் வழுவழுத் தரையில் அவளுடைய மூன்று வருஷ வாழ்க்கை மொத்தமும் விழுந்தது. இரண்டு சட்டை, இரண்டு பேண்ட், ஒரு துண்டு, துணி காயப்போடும் நைலான் கயிறு, மாத்திரை டப்பா, நாலு பாஸ்போர்ட் போட்டோ, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு நோட்டு. தேடிய சீட்டு மட்டும் விழவில்லை.

பின்னால் நின்ற வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் பெண் அதிகாரி பேனாவால் மேஜையைத் தட்டினார். விமானத்தின் கதவு மூட இன்னும் ஐம்பத்திரண்டு நிமிஷம்.

அவளுடைய கைகள் நடுங்க

[வேண்டாம். அவள் கை நடுங்காது. முப்பது வருஷம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கைக்குழந்தைக்கும் கிழவருக்கும் ஒரே குத்தில் நரம்பு பிடித்த கை அது.]

நிதானமாக உதிரி மூக்குக்கண்ணாடியின் உறையைத் திறந்தாள். உள்ளே, நாலாக மடித்தபடி, அந்த நாட்டுக்குள் நுழைந்த அன்று எல்லையில் கொடுத்த சீட்டு.

"கிடைச்சிருச்சு!" என்று நீட்டினாள்.

அதிகாரி தேதியைப் பார்த்தார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"கொஞ்சம் உள்ள வாங்க."

2

இந்த இடத்தில் வழக்கமாக அத்தியாயத்தை வெட்டிவிடுவேன். வாரப் பத்திரிகையில் முப்பது வருஷமாகத் தொடர்கதை எழுதுகிறவன் நான். யாரையாவது மொட்டைமாடி விளிம்பில் தொங்கவிட்டு, ஏழு நாள் வாசகரைக் காக்கவைத்துப் பிழைத்தவன். இன்று அது முடியாது. தொங்குவது என் அக்கா.

கதை எனக்குக் கிடைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை, நான் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "டேய், நீதானே எழுதுறவன்? எனக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு. அரை மணி நேரம்தான் இருக்கு" என்றாள். சட்டையில் இப்போது ஓர் ஓட்டை இருக்கிறது.

அக்காவுக்கு வயது ஐம்பத்தைந்து. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையை விட்டு, கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு, உலகத்தைப் பார்க்கக் கிளம்பினாள். சுற்றுலாக் கூட்டத்தோடு அல்ல. தனியாக, பஸ்ஸிலும் ரயிலிலும், ஓர் ஊரில் ஒரு மாதம், இன்னோர் ஊரில் பத்து நாள் என்று. கூடவே சுமக்கும் பை ஏழு கிலோவைத் தாண்டக்கூடாது என்பது அவள் சட்டம். அதனால் என் மனைவி அவளுக்கு வைத்த பெயர் 'ஏழு கிலோ'. "இன்னிக்கு ஏழு கிலோ எந்த ஊர்ல இருக்காங்களாம்?" என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சே தொடங்கும்.

(ஏழு கிலோவில் எப்படி வாழ்வது என்று கேட்டு எனக்கு வாசகர் கடிதம் வரக்கூடும். அக்கா சொன்னபடி: அன்றன்று போட்ட துணியை அன்றன்றே துவைக்க வேண்டும். பிழிந்த துணியைத் துண்டில் சுருட்டி, அதன் மேல் ஏறி மிதித்தால் பாதி ஈரம் போய்விடும். பணம் எடுக்கும் அட்டை இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. புது ஊருக்குப் போன முதல் நாள் எதையும் சுற்றிப்பார்க்கக் கூடாது. தண்ணீர் எங்கே, சாப்பாடு எங்கே, பஸ் எங்கே, திரும்பி வரும் வழி எது, இந்த நாலைக் கண்டுபிடித்துவிட்டுத் தூங்கிவிட வேண்டும்.)

3

அந்த உள் அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, தண்ணீர் கேன். அதிகாரி தமிழ் பேசியிருக்க வாய்ப்பே இல்லை. என் கதையில் பேசுவார். எனக்குத் தெரிந்த மொழி அது ஒன்றுதான்.

"எத்தனை நாள் தங்க அனுமதி?"

"தொண்ணூறு."

"எத்தனை நாள் இருந்தீங்க?"

"தொண்ணூறு." அக்கா ரப்பர் பேண்டைக் கழற்றி நோட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு வரியிலும் ஓர் ஊர், ஒரு படுக்கை, ஓர் எண். பதினான்கு. முப்பது. ஒன்பது. இருபத்தி இரண்டு. பதினைந்து. கூட்டிக் காட்டினாள்.

அதிகாரி கூட்டலைப் பார்க்கவில்லை. காலண்டரைக் கழற்றி மேஜையில் வைத்து, பேனா முனையால் கட்டம் கட்டமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். இன்றைய கட்டத்தில் பேனா நின்றது.

"தொண்ணூத்தி ஒண்ணு."

"இருக்காதுங்க. மறுபடி எண்ணுங்க."

"வந்த நாள் ஒண்ணு. அங்கேருந்துதான் எண்ணினேன்."

"வந்த அன்னிக்கு ராத்திரிதானே ஒண்ணு?"

சொல்லி முடிப்பதற்குள் அக்காவுக்கே புரிந்துவிட்டது. நோட்டில் இருந்த எண்கள் எல்லாம் இரவுகள்.

வீட்டில் இருக்கிற யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். நமக்கு நாள் என்றால் காலண்டரில் கிழிக்கிற தாள். வருஷக்கணக்காகப் படுக்கையை வாடகைக்கு எடுத்து வாழ்கிறவர்களுக்கு அப்படி இல்லை. விடுதிக்காரர் "எத்தனை நைட்?" என்றுதான் கேட்பார். கேட்டுக் கேட்டு, அக்கா தன் வாழ்க்கையையே இரவுகளில் எண்ணத் தொடங்கிவிட்டாள். தொண்ணூறு இரவு தூங்கி எழுந்தால் விடிவது தொண்ணூற்றொன்றாவது பகல்.

"தப்புதாங்க" என்றாள்.

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "ஏன் கூட இருந்தீங்கன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. பார்த்துட்டு முடிவு பண்றேன். சரியா இல்லேன்னா பெரிய ஆபீசுக்கு அனுப்பணும். அஞ்சாறு நாள் ஆகும். பாஸ்போர்ட்லயும் குறிப்பு விழும்."

அந்தக் குறிப்பு விழுந்தால் அடுத்தடுத்த எல்லைகளில் எல்லாம் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். அக்கா அதற்குக்கூடக் கலங்கவில்லை. 'அஞ்சாறு நாள்' என்றதும்தான் அவள் முகம் மாறியது.

4

ஏன் என்று சொல்ல வேண்டும். இங்கேதான் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. மூன்று வருஷம் ஊர் ஊராய்த் திரிந்தவளுக்கு ஐந்தாறு நாள் பெரிய விஷயமா? வாசகர் நம்புவாரா?

போன மாதம் நடந்ததை அவள் போனில் சொன்ன விதத்திலேயே தருகிறேன்.

"எட்டுப் பேர் படுக்கற ரூம்டா. காலைல கண்ணு முழிச்சேன். எந்த ஊர்னு தெரியல."

"தூக்கக் கலக்கம்க்கா."

"கலக்கம்னா ஒரு நிமிஷம். எனக்குக் கால் மணி நேரம். எந்த நாடுன்னே வரல. மேல் கட்டில்ல ஒருத்தி பல் தேய்ச்சிட்டு நிக்கறா, அவகிட்ட எப்படிக் கேக்கறது? லூசுன்னு நினைச்சுக்குவா. அப்புறம் கண்ணை மூடி நம்ம வீட்டு மாடி ரூமை நினைச்சேன். கட்டில் இங்க, அலமாரி அங்க, ஜன்னல் அந்தப் பக்கம். வரிசையா வெச்சுக்கிட்டே வந்தேன். அப்புறம்தான் ஊர் பேரு ஞாபகம் வந்துச்சு."

"பயந்துட்டியா?"

"பயம் இல்லடா. களைப்பு. ஊர் சுத்தறதுலேருந்தும் லீவு வேணும், அது உங்களுக்கெல்லாம் புரியாது. என் ரூம்ல ரெண்டு மாசம் கதவைச் சாத்திட்டுப் படுக்கணும். எங்கேயோ நமக்குன்னு ஒரு ரூம் இருக்குங்கற தைரியத்துலதான் இவ்வளவு தூரம் வந்தேன். அது இல்லேன்னா இது பயணம் இல்லடா, வெறும் அலைச்சல்."

அதனால்தான் இன்றைய டிக்கெட். இந்த விமானத்தை விடக்கூடாது என்ற அவசரம் அந்த அறைக்காகத்தான்.

5

இனி கடிதம். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் அங்கே புரிகிற மொழியில் எழுதிக்கொள்வதாக ஏற்பாடு.

முதல் வரைவு. "சென்ற வாரம் ஏற்பட்ட பயங்கர மலைச்சரிவில் பாதை துண்டிக்கப்பட்டு, உயிருக்குப் போராடிய..."

"எந்த மலைடா? இங்க மேடே கிடையாது."

இரண்டாம் வரைவு. "கடுமையான காய்ச்சலில் நினைவிழந்து..."

"லேப்ல முப்பது வருஷம் இருந்தவகிட்டயே காய்ச்சல் கதை விடுறியா? டாக்டர் சீட்டு எங்கன்னு கேப்பாங்க."

"அப்ப ஒரு நல்ல சோகமா..."

"யாரையும் சாகடிக்காத. உன் புத்தி எனக்குத் தெரியும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, கேளு. கவுண்டர்ல பொய் சொல்லக் கூடாது. மூணு வருஷமா நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்ல. சொன்னா அதையும் சேர்த்துச் சுமக்கணும். ஏழு கிலோல அதுக்கு இடம் இல்ல. நடந்ததை அப்படியே சொல்லு. எனக்கு வார்த்தைதான் வரல."

மூன்றாம் வரைவை ஆறு நிமிஷத்தில் முடித்தேன். என் முப்பது வருஷ எழுத்தில் ஒரு கொலையும் இல்லாத பக்கம் அதுதான்.

"மூன்று வருஷமாக நான் படுக்கைகளை வாடகைக்கு எடுத்துத் தங்கி வருகிறேன். படுக்கை தருகிறவர்கள் இரவுகளை எண்ணுவார்கள். நானும் அப்படியே எண்ணப் பழகிவிட்டேன். உங்கள் நாட்டில் தொண்ணூறு இரவுகள் தூங்கினேன். பகல்கள் தொண்ணூற்றொன்று ஆகிவிட்டன. சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தேன், தேதியைச் சரிபார்க்கவில்லை. தப்பு என்னுடையது. இன்று வீட்டுக்குப் போகிறேன்."

"இது போதும்டா" என்றாள். போனை அணைக்காமல் மேஜை மேல் வைத்துவிட்டு எழுதத் தொடங்கினாள். பேனா ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது.

6

இங்கேயிருந்து கதையை எப்படிக் கொண்டுபோவது என்று மூன்று விதமாக யோசித்தேன்.

ஒன்று: அதிகாரி தாளை மடித்து டிராயரில் போடுகிறார். பெரிய ஆபீஸ். அக்கா ஐந்தாறு நாள் மாட்டிக்கொள்கிறாள். கேள்விக்குறியோடு அத்தியாயம் முடிகிறது.

இரண்டு: அனுமதி கிடைக்கிறது. ஆனால் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் விமானம் நகர்வதைப் பார்த்து அக்கா சிரிக்கிறாள். பையைத் தூக்கிக்கொண்டு வேறொரு திசைக்கு டிக்கெட் எடுக்கிறாள். வாசகிகளுக்குப் பிடிக்கும்.

மூன்று: விமானத்தின் வாசல் வரை போய், அவளே மனசு மாறித் திரும்புகிறாள். வீடு வேண்டாம், உலகமே வீடு, இத்யாதி.

[எழுதியதைப் படித்துப் பார்த்த என் மனைவி கேட்டது: "மூணுலயும் அண்ணியை அங்கேயே நிறுத்திட்டீங்களே, ஏன்?" நான் அடுத்த பகுதியை எழுதத் தொடங்கினேன்.]

7

நடந்தது இது. சத்தம் எனக்குப் போனில் கேட்டது; பேச்சின் அர்த்தம் அக்கா விமானத்தில் உட்கார்ந்ததும் எழுதி அனுப்பியது.

அதிகாரி கடிதத்தை ஒரு தடவை படித்தார். மறுபடியும் படித்தார்.

"தனியாவா சுத்தறீங்க?"

"ஆமாங்க."

"வீடு இருக்கா? கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. ஒரு நாள், ரெண்டு நாள்னு தள்ளிப்போறவங்க நிறைய பேருக்குத் திரும்பிப் போக இடம் இருக்காது. அவங்க இந்தக் கதவு வழியா வெளிய போய், அடுத்த வாரம் வேற கதவு வழியா உள்ள வருவாங்க."

"எனக்கு இருக்குங்க. இதோ பாருங்க." போனை எடுக்கிற சத்தம். "தம்பி மாசா மாசம் படம் அனுப்பிடுவான். இது போன வாரம் வந்தது. என் ரூம். அப்படியே வெச்சிருக்காங்க. கட்டில், அலமாரி, பாருங்க, மேஜைல தம்ளர்கூட இருக்கு. யாரோ தண்ணி குடிச்சிட்டு எடுக்காமப் போயிருக்காங்க."

போன் கைமாறும் சத்தம்.

"நல்ல வெளிச்சமான ரூம்" என்றார் அதிகாரி. "போங்க. சீக்கிரம் போங்க. அடுத்த தடவை பகலை எண்ணுங்க."

முத்திரை விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது.

பதினெட்டு நிமிஷம் கழித்து அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "உக்காந்துட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வீட்ல இருப்பேன். லெட்டர் நீ எழுதினதாலதான் விட்டாங்க. நீ பெரிய ஆளுடா. ரூம் ஜன்னலை மட்டும் தொறந்து வை."

8

முடிவை நான் எழுதப்போவதில்லை. அக்காவுக்கு ஒரு செய்தி எழுதப் பார்த்தேன். இறங்கி போனைப் போட்டதும் அவள் முதலில் பார்க்கிற மாதிரி.

"அக்கா, நீ வந்ததும் முதல்ல என்கிட்ட"

"அக்கா, கோவப்படாம"

"அக்கா, அந்தப் படம்"

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு உங்களுக்கு ஒரு தகவல் பாக்கி. இத்தனை நேரம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அக்கா கிளம்பிப் பத்து மாதம் ஆனபோது, என் மகள் நாலு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, புருஷன் வீட்டுக்கு இனி போக மாட்டேன் என்று வந்து நின்றாள். வீட்டில் காலியாக இருந்தது அக்காவின் மாடி அறை ஒன்றுதான்; அன்றிலிருந்து அது அவர்களுடைய அறை. "அத்தைகிட்ட சொல்லாதீங்கப்பா. சொன்னா அடுத்த விமானத்துலயே வந்து நிப்பாங்க" என்றாள். உண்மைதான். வந்திருப்பாள். அவள் பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு வரக்கூடாது என்றுதான் மறைத்தேன் என்று இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கட்டிலைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அந்த அறையில் இருந்தேன். ஜன்னலைத் திறந்து ஒரு படம், மூடி ஒரு படம். விளக்குப் போட்டு, அணைத்து. நாற்காலியில் துண்டு போட்டு, எடுத்து. மேஜையில் தம்ளர் வைத்து. வாசகரை நம்பவைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். மொத்தம் நாற்பது படம்.

மாதத்துக்கு ஒன்று வீதம் இதுவரை இருபத்தாறு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதினாலு மிச்சம் இருக்கிறது.