நாற்பது எஞ்சின்களின் திறப்பு விழா

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த மகத்தான சம்பவம், வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, நமது பஸ் டிப்போவின் இரண்டாம் மாடியில் நிகழும். டிரைவர்களின் டியூட்டிப் பட்டியலை இனி ஒரு கம்ப்யூட்டர் போடாது. நாற்பது கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் போடும்.

மேனேஜர் இதை நோட்டீஸ் பலகையில் ஒட்டி, தானே இரண்டு முறை நின்று படித்தார்.

பட்டியல் போடுகிற அக்காவுக்கு மனித குலத்தைப் பற்றிக் கவலையில்லை. சனிக்கிழமை தங்கைக்குக் கல்யாணம். ஊருக்குக் கடைசி பஸ் வெள்ளி மாலை ஐந்துக்கு. பட்டியல் கைக்கு வந்தால்தான் லீவு லெட்டரில் கையெழுத்து என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஏற்பாடு ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. கன்ட்ரோலர் என்று ஒரு மேஸ்திரி, தனி மெஷினில். எஞ்சின்கள் என்று நாற்பது வேலையாட்கள், மெஷினுக்கு ஒருவர். ஆட்கள் மேஸ்திரியிடம் வந்து பெயர் கொடுத்தால், அவன் வேலையைப் பங்கு போட்டுக் கொடுப்பான். எல்லாம் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ஒரு செட்டிங் ஃபைலில் அடக்கம். இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் ஒரு சர்டிபிகேட்டோடு திரும்பிய மேனேஜர், வேறு யாரும் தொடக்கூடாது என்று அதைத் தானே எழுதியிருந்தார்.

வியாழக்கிழமையே அக்கா பார்த்துவிட்டாள்.

"சார், கன்ட்ரோலர் தன் மெஷினுக்குள்ளேர்ந்து வர்ற பேச்சை மட்டும்தான் கேக்கும்னு வெச்சிருக்கீங்க. மத்த மெஷின் கூப்பிட்டா காதுலயே விழாது. ஒரு வரி மாத்தினா போதும்."

"அது பாதுகாப்புக்கும்மா. கண்டவனும் வந்து பேச இது என்ன சந்தையா?"

"கண்டவன் இல்ல சார், நம்ம எஞ்சின்தான்."

"சர்டிபிகேட் யார்கிட்ட இருக்கு?"

அக்கா தன் வழியைப் பார்த்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே வந்து, கீழே ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய மெஷினில் பழைய புரோகிராமைத் தட்டிவிட்டாள். ஒன்பது மணி நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

பத்து மணிக்குப் பெரிய அதிகாரி வந்து ரிப்பன் வெட்டினார். நாற்பது மெஷின்களும் பச்சை விளக்கு மினுக்கக் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தன. மேனேஜர் ஒற்றை விரலால் ஒரு பொத்தானைத் தட்டினார். நாற்பது எஞ்சின்களும் எழுந்து கன்ட்ரோலரைக் கூப்பிட்டன. செவிடன் காதில் நாற்பது சங்கு. திரையில் ஒரே வரி: எஞ்சின்களுக்காகக் காத்திருக்கிறது.

"யோசிக்குது சார்," என்றார் மேனேஜர்.

வாசலில் கிரீஸ் கையைத் துடைத்தபடி நின்ற பஸ் மெக்கானிக், அக்காவின் பக்கம் குனிந்தான். "ஏங்க்கா, நாப்பது எஞ்சின் உறுமுது, வண்டி ஒரு அடி நகரலியே?"

"ஆளை ஏத்துற மேஸ்திரி கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருக்காரு. எப்படி நகரும்?"

பன்னிரண்டு மணிக்கும் யோசித்தது, அதிகாரி சாப்பிட்டார். இரண்டு மணிக்கும் யோசித்தது. அதிகாரி கொட்டாவி விட்டார். அக்கா மெதுவாக மேனேஜரிடம் போனாள்.

"சார், அந்த ஒரு வரி..."

"மேடையில நிக்கிறப்ப எவனாவது பெல்ட்டை அவுத்துக் கட்டுவானாம்மா? போ. பட்டியல் வராம நீயும் கிளம்பக் கூடாது."

மூன்றேகாலுக்குப் பழைய மெஷின் முடித்தது. அக்கா பிரிண்ட் எடுத்து, மேலே லீவு லெட்டரை வைத்து நீட்டினாள். மேனேஜர் மேலிருந்ததில் கிறுக்கினார், கீழிருந்ததைப் பறித்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் அவருக்கும் இல்லை, அவருடைய கன்ட்ரோலருக்கும் இல்லை.

"நாப்பது எஞ்சின் சார்! அஞ்சே மணி நேரம்!" என்று பட்டியலை அதிகாரியிடம் நீட்டினார்.

கைதட்டல் மாடிப்படிவரை கேட்டது. அக்கா அப்போது பையோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து மணி பஸ்ஸில் ஜன்னலோரமே இடம் கிடைத்தது.

திங்கட்கிழமை எல்லா பஸ்களும் அந்தப் பட்டியல்படியே ஓடின. மேனேஜர் இன்னும் நாற்பது மெஷின் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். முதல் நாற்பதில் ஒன்றுகூட இதுவரை ஒரு டிரைவருக்கும் டியூட்டி போடவில்லை.