தயாரிப்பு எதுவும் தேவையில்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னது நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (இந்த வாக்கியத்தைப் பின்னால் திருத்த வேண்டிவரலாம்.)

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. கில்ஃபோர்டுக்கு வெளியே எங்கள் பள்ளியின் ஹாக்கி மைதானம். தூறலில் நனைந்தபடி பெற்றோர்கள் காகிதக் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஸஸ்கியா என்கிற அம்மா, கையில் பாதி கடித்த சாஸேஜ் ரோலோடு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "நாங்க ஒண்ணுமே பண்ணலப்பா. முந்தின நாள் நல்லாத் தூங்கி, காலையில ரெண்டு முட்டை சாப்பிட்டுட்டுப் போய் உக்காந்தா போதும்னு விட்டுட்டோம்."

"நாங்களும் அப்படித்தான்" என்றார்கள் சுற்றி நின்ற ஏழு பேரும்.

நான் அந்தப் பள்ளியில் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். தேர்வுப் பயிற்சி இணையதளத்தின் கடவுச்சொல் மறந்துபோனால் பிள்ளைகள் என்னிடம்தான் ஓடி வருவார்கள். அந்த எட்டு வீட்டுப் பிள்ளைகளின் கடவுச்சொல்லையும் நான் மீட்டுக் கொடுத்திருக்கிறேன். ஸஸ்கியாவின் மகள் ஓட்டிலிக்கு மட்டும் நாலு முறை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே ஒரு தோட்டத்தையே மறைத்துவிட்டு, தட்டில் சோறு குறைவாக இருக்கிறதே என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறார்கள்.

விஷயம் இவ்வளவுதான். பதினோரு வயதுக்கு மேல் பெரிய தனியார் பள்ளிகளில் சேர, பத்து வயதில் ஒரு தேர்வு. கணினியில், ஒரே ஒரு முறை. தலைமையாசிரியர் அனுப்பும் கடிதத்தில் 'தயாரிப்பு எதுவும் தேவையில்லை' என்று தடித்த எழுத்தில் இருக்கும். கடிதம் வந்த அன்றே எல்லா வீட்டிலும் தயாரிப்பு தொடங்கிவிடும்.

2

எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று நாள் முழித்தேன். முதல் முயற்சி:

'அந்தச் சின்னஞ்சிறு சிறுமியின் கண்களில் கணினியின் நீல ஒளி—'

வேண்டாம். கணினியைக் குறைசொல்லித் தப்பித்துக்கொள்கிற கதைகள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. இரண்டாம் முயற்சி:

'போட்டி நிறைந்த இன்றைய உலகில் பெற்றோர்களின் கனவுச் சுமையை—'

இது தலையங்கம். மூன்றாம் முயற்சி:

ரொவீனாவின் கை சும்மா இருக்காது.

இதை வைத்துக்கொள்வோம். ரொவீனா ஏழு பேரில் ஒருத்தி. சமையலறை வடிவமைப்பது தொழில். ஒரு அலமாரியைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணாடியில் கவிழ்த்து, மூலையில் பொருத்தினால் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். அடுத்தவர் வீட்டு விருந்துக்குப் போனாலும் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலிருந்து தட்டுகளை எடுத்து வேறு மாதிரி அடுக்கிவைத்துவிட்டுத்தான் வருவாள்.

(அவள் வீட்டுக்குள் நான் போனதில்லை. இது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.)

மகள் கிளெமி. பத்து வயது. கோல்கீப்பர். பென்சில் முனையைக் கடிப்பாள். அவளைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. கதைக்குள் வரும் குழந்தைகள் பாதிப் பேர் ஞானிகளாக மாறிவிடுகிறார்கள். இவளை அப்படி ஆகவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

3

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசையில் மடிக்கணினி. தேர்வு மாதிரியே நடத்தும் பயிற்சித் தளம். திரையின் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

"அம்மா, பாத்ரூம்."

"இப்பவா? பதினாலு கேள்வி பாக்கி இருக்குடி."

"அவசரம்."

கிளெமி போய்விட்டாள். திரையில் ஒரு முக்கோணமும் இரண்டு வட்டமும். அதைத் திருப்பினால் ஐந்து படங்களில் எது வரும் என்பது கேள்வி. ரொவீனாவுக்குப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. நேரம் வீணாகப் போகிறதே என்று அழுத்தினாள். அடுத்தது வந்தது. அதையும் அழுத்தினாள். அதற்கடுத்தது கொஞ்சம் சிரமமாக இருந்தது, அதனாலேயே பிடித்திருந்தது. கிளெமி திரும்பி வந்தபோது அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டியா நீயே?"

"சும்மா, எப்படிப் போடணும்னு காட்டினேன். உக்காரு."

அடுத்த நாளும் பாத்ரூம். அதற்கடுத்த நாளும். ஒரு வாரத்தில் தளத்திலிருந்து தங்க நட்சத்திரம் போட்ட சான்றிதழ் வந்தது: 'அபாரம், கிளெமி!' ரொவீனா அதை அச்செடுத்துக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். நம்புங்கள், அவள் ஏமாற்றுக்காரி இல்லை. ஒட்டும்போது அதில் தன் விரலின் பங்கு அவளுக்கு நினைவே இல்லை. பிள்ளைக்குச் சூடு பிடித்துவிட்டது என்றே நம்பினாள். அந்த நம்பிக்கையில், விண்ணப்பித்திருந்த மூன்று பள்ளிகளில் இரண்டை எடுத்துவிட்டு, எல்லாவற்றிலும் கடினமான விண்டர்லியை மட்டும் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதானா?" என்றான் கணவன் கைல்ஸ். "கிடைக்கலைன்னா?"

"நட்சத்திரத்தைப் பாத்தியா இல்லையா நீ?"

கைல்ஸ் குளிர்பெட்டியைப் பார்த்தான். பால் எடுத்துக்கொண்டு போனான். (கைல்ஸுக்கு இந்தக் கதையில் இவ்வளவுதான் வேலை. நிஜத்திலும் அப்படித்தான் என்று பல வீடுகளிலிருந்து தகவல்.)

4

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தேர்வு ஆளுக்கேற்ப மாறும். சரியாகப் போட்டால் அடுத்த கேள்வி கடினமாகும், தப்பாகப் போட்டால் இலகுவாகும். பயிற்சித் தளமும் அதே மாதிரிதான். கிளெமி தப்புப் போட்டுப் போட்டு, தன்னால் முடிந்த படிக்கு இறங்கி வருவாள். இறங்கி மூச்சு விடுவதற்குள் அம்மாவின் விரல் அவளைத் தூக்கி மறுபடி உச்சாணிக் கொம்பில் உட்கார வைத்துவிடும்.

ரொவீனாவுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்வது பெரிய காரியமும் இல்லை. ஹாக்கி மைதானத்தில் யாராவது ஒருத்தியிடம், "உன் பொண்ணுக்கும் கேள்வி இவ்வளவு கஷ்டமாவா வருது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் கேட்டால் தயாரிப்பு நடக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இந்த ஊரில் அதைவிட ஷூவைக் கழற்றாமல் அடுத்தவர் கம்பளத்தில் நடக்கலாம்.

ஆகவே அவள் கேட்கவில்லை. திட்டினாள்.

"நேத்து சரியாப் போட்டியே, இன்னிக்கு என்ன வந்துது? கவனம் எங்கே இருக்கு உனக்கு?"

"தெரியல."

"தெரியலன்னா? போன வாரம் தங்க நட்சத்திரம் வாங்கின பொண்ணு பேசுற பேச்சா இது?"

ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாயிற்று. அரைப்பருவ விடுமுறையில் நாலாயிற்று. கிளெமி ஹாக்கிக் குழுவிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டாள். 'வயிறு வலி' என்று சீட்டில் எழுதியிருந்தது. அவள் பென்சிலில் முனையே மிச்சமில்லை. ஒரு நாள் என்னிடம் கடவுச்சொல் கேட்டு வந்தவள், "நான் முட்டாள்னா அது தேர்வுல தெரிஞ்சிடுமா?" என்று கேட்டாள். ஏதோ நிரலில் பிழை இருக்கிறதா என்று விசாரிக்கிற குரல். நான் கடவுச்சொல்லை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். எனக்கு என் மேல் வந்த எரிச்சலை இன்றுவரை வேறு யார் மேலாவது திருப்பப் பார்க்கிறேன். இந்தக் கதையே அந்த முயற்சிதான்.

5

பெரியவர்கள் மறைத்ததைப் பிள்ளைகள் பள்ளிச் சாப்பாட்டு மேசையிலேயே பேசிக்கொண்டார்கள். தேர்வு வியாழன். அதற்கு முந்தின ஞாயிறு, கோழி அடுப்பில் வெந்துகொண்டிருந்தபோது கிளெமி சொன்னாள்:

"ஓட்டிலிக்கு வர்ற கேள்வியெல்லாம் ஈஸியா இருக்கு. நான் பாத்தேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி வருது?"

"ஓட்டிலியா? அவங்கதான் ஒண்ணும் பண்ணலியே."

"அம்மா." கிளெமி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எல்லாரும் பண்றாங்க. ஓட்டிலிக்கு ரெண்டு டியூஷன் சார்."

ரொவீனாவுக்கு முதலில் ஸஸ்கியா மேல்தான் கோபம் வந்தது. அடிப்பாவி, முட்டை சாப்பிட்டாப் போதும்னு சொன்னியே என்று மனதுக்குள் வைதாள். பிறகுதான் தளத்தைத் திறந்து, இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைப் பார்த்தாள். கேள்விக்குக் கேள்வி கிளெமியின் நிலை எப்படி ஏறி இறங்கியது என்று காட்டும் கோடு. தரையோடு தரையாக ஊர்ந்து, திடீரென்று செங்குத்தாக ஏறி, மறுபடி சறுக்கி, மறுபடி ஏறி. ஒவ்வொரு ஏற்றமும் ஒரு பாத்ரூம். சமையலறை அளவுகளை வாசித்துப் பழகிய கண்ணுக்கு இதை வாசிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் அடுப்பை அணைத்தாள்.

6

இனி என்ன செய்வாள்? இங்கேதான் எனக்கு ஓடவில்லை.

முதல் முடிவு: சொல்லாமல் புதுக் கணக்கு திறக்கிறாள். கேள்விகள் இலகுவாகின்றன. "பாத்தியா, வந்துடுச்சு!" என்கிறாள். கிளெமி சிரிக்கிறாள். எல்லோருக்கும் நிம்மதி. இதை எழுதிப் பார்த்தேன், ஹாக்கி மைதானத்து வாடை அடித்தது. ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் துடைத்தாயிற்று.

இரண்டாம் முடிவு: சொல்கிறாள்.

"கிளெமி, நீ பாத்ரூம் போனப்பெல்லாம் நான்தான் போட்டேன். அதனாலதான் உனக்குக் கஷ்டமா வந்துது. தப்பு என்னோடது."

"தெரியும்."

"தெரியுமா?"

"எனக்குப் பாத்ரூமே வரல. நான் போட்டா நீ திட்டுற, நீ போட்டா சிரிக்கிற. அதான் போனேன்."

இதை எழுதி முடித்ததும் எனக்குக் கண் கலங்கியது. ஒரு தேநீர் போட்டுக் குடித்தேன். திரும்பி வந்து படித்தபோது கோபம்தான் வந்தது. எந்தப் பத்து வயதுப் பிள்ளை இப்படி அளந்து பேசும்? இது நான் அழுத்திய பதில். குழந்தை எழுந்து போன நேரம் பார்த்து, எனக்குத் தெரிந்த விடையை அவள் பெயரில் போட்டிருக்கிறேன். கோடு போட்டு அடித்துவிட்டேன். (அடித்தது தெரியட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.)

மூன்றாம் முறை, என் கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"நான்தான் போட்டேன்" என்றாள் ரொவீனா.

கிளெமி கோழியைப் பார்த்தாள். "எத்தனை?"

"எண்ணல. ஒரு அறுபது இருக்கும்."

"எல்லாம் சரியா?"

"இல்ல… மூணு தப்பு."

"மூணு தப்பா? எது எது? காட்டு."

ரொவீனா காட்டினாள். கிளெமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், ஆறு வாரத்தில் முதல் தடவையாக. "இது எனக்கே தெரியுமே அம்மா. கண்ணாடியில திரும்பியிருக்கு பாரு." ரொவீனா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கோழி உள்ளே சரியாக வேகவில்லை, டோஸ்ட் சாப்பிட்டார்கள்.

7

வியாழக்கிழமைக்கு மட்டும் நானே சாட்சி.

என் கணினி அறையில் இருபத்திரண்டு பிள்ளைகள், தலையில் ஹெட்போன், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள். வடிவங்கள் பகுதியில், பாதி தூரத்தில், கிளெமி கையைத் தூக்கினாள்.

"பாத்ரூம் போகணும்."

"கடிகாரம் நிக்காதும்மா" என்றேன்.

"தெரியும். நிஜமாவே வருது."

விதிப்படி இன்னொரு ஆசிரியை கூடப் போனார். நாற்காலி காலியாக இருந்தது. அந்த வழியாக நடந்தேன், நடப்பது என் வேலை. ஒரு சதுரம், அதற்குள் கோடுகள், கீழே ஐந்து படங்கள். எனக்குப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது.

பொய்யைச் சொன்னது நான் இல்லை என்ற வாக்கியத்தை இப்போது திருத்துகிறேன். போன வருஷம் என் மகள் இந்தத் தேர்வு எழுதினாள். அதே மைதானத்தில், "நாங்க ஒண்ணுமே பண்ணல" என்று நானும் சொன்னேன். எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், அவள் எழுந்து போன நேரங்களில், அந்த விரல் என்னுடையது. ரொவீனா வீட்டுக்குள் போகாமலேயே இவ்வளவும் எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கேட்காததற்கு நன்றி. என் மகள் இப்போது ஒரு நல்ல பள்ளியில், கடைசி வரிசையில் உட்கார்ந்து, தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ரொவீனாவைச் சொல்ல வைத்துவிட்டேன். நான் இன்னும் சொல்லவில்லை.

கிளெமிக்கு விண்டர்லி கிடைத்ததா என்று கேட்பீர்கள். ஒரு வரியில் கிடைக்கவைக்க எனக்குத் தெரியும். கிடைக்காமல் செய்து, அதுவும் நல்லதற்கே என்று முடிக்கவும் தெரியும். இரண்டையும் எழுதப்போவதில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கடிகாரத்தில் இரண்டு நிமிடம் பதினொரு விநாடி. நாற்காலி காலி. திரை உங்கள் முன்னால்தான் திறந்திருக்கிறது, விடை உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். தாழ்வாரத்தில் அவள் வரும் சத்தம் கேட்கிறது. வந்து உட்காரும் வரை தயவுசெய்து எதையும் தொடாதீர்கள்.