லியோட்டா பிரிம் கொண்டுவந்த பீன்ஸ்

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் என் கடையும் ஆர்லோ டாகெட்டின் கடையும் நேருக்கு நேர். நான் விற்பது ஆணி, வாளி, அடுப்பு, கண்ணாடி ஜாடி, அந்த ஜாடி மூடிக்கு அடியில் போடுகிற சிவப்பு ரப்பர் வளையம். ஆர்லோவுடையது மளிகைக் கடை. சில வருடங்களாக அவன் கடை ஜன்னலில் டின்கள் கோபுரமாக எழும்பிக்கொண்டிருந்தன. டின் பீன்ஸ், டின் தக்காளி, டின் சோளம். எல்லாம் எங்கோ ஒரு ஆலையில் முகம் தெரியாத யாரோ அடைத்தவை. ஜாடி விற்கிறவனுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியாதா?

"என்ன ஆர்லோ, இன்னைக்கு எத்தனை சோம்பேறிங்க வந்தாங்க?" என்று என் கடைவாசலில் நின்றபடி கத்துவேன்.

"ஒருத்தரையும் காணோம் வெர்னன். நீ கத்துற கத்துல எவ வருவா?" என்பான்.

நானும் நம்பினேன். எங்கள் சர்ச்சுப் பெண்கள் யாரும் அவன் கடையிலிருந்து டின்னோடு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஜன்னல் கோபுரம் அடிக்கடி குறைந்து மறுபடி எழும்பும். ரயில்பாதை போடுகிற ஆட்கள் வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அயோவாவில் எங்கள் பக்கம் ஒரு பெண்ணின் கெட்டிக்காரத்தனத்தை அவள் வீட்டு நிலவறையில்தான் பார்ப்பார்கள். கோடையில் தோட்டத்தில் காய்த்ததை வேகவைத்து ஜாடியில் அடைத்து, பனிக்காலம் முழுக்க அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். விருந்தாளி வந்தால் கீழே கூட்டிப்போய் வரிசை வரிசையாக ஜாடிகளைக் காட்டுவதும் உண்டு. நானே என் மனைவி ஆல்மாவின் ஜாடிகளை வாடிக்கையாளர்களுக்குக் காட்டி வியாபாரம் பண்ணியிருக்கிறேன். ஆனால் ஊரில் முதலிடம் லியோட்டா பிரிமுக்குத்தான். விதவை, அறுபதை நெருங்கியவள், பேச்சு கறார். சர்ச் விருந்துக்கு ஒவ்வொருத்தியும் ஒரு பாத்திரத்தில் ஏதாவது சமைத்துக் கொண்டுவருவாள். பாத்திரத்தின் அடியில் அவரவர் பெயரை எழுதி ஒட்டியிருப்பார்கள். பன்றி இறைச்சித் துண்டும் வெங்காயமும் போட்ட லியோட்டாவின் பீன்ஸுக்கு மட்டும் யாரும் அடியைத் திருப்பிப் பார்த்ததில்லை.

அந்த மார்ச் மாதச் சனிக்கிழமை விருந்திலும் அப்படித்தான். என் மகள் வினி, ஆறு வயது, இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட இனிப்புப் பை அடுக்கியிருந்த மேஜைக்கு ஓடினாள். நான் மூன்றாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்லோவைத் தேடிப்பிடித்தேன்.

"இதுக்குப் பேருதான் பீன்ஸு. உன் தகரத்துல வருமா இந்த ருசி?"

ஆர்லோ வாய் நிறைய மென்றுகொண்டிருந்தான். புரையேறி இருமினான். லியோட்டா சட்டென்று திரும்பி அழுக்குத் தட்டுகளை அடுக்கப் போய்விட்டாள். தன்னடக்கம் என்று நினைத்தேன். விருந்து முடிந்ததும் அவள், பிரசவத்துக்குக் காத்திருந்த தங்கை மகளைப் பார்க்க வெளியூர்ப் பண்ணைக்குக் கிளம்பிவிட்டாள். அவசரத்தில் அவள் மறந்து விட்டுப்போன பாத்திரத்தை ஆல்மா கழுவி வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

மறுநாள் காலை வினி எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். கண் சொருகிக்கொண்டே இருந்தது, அப்பத்தைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சோம்பல் என்று விட்டுவிட்டு, லியோட்டாவின் பாத்திரத்தை அவள் வீட்டுத் திண்ணைப் பலகையில் வைத்துவிட்டு வரலாம் என்று நடந்தேன்.

கொல்லைப்பக்கம் வழக்கமான கூச்சல் இல்லை. எட்டிப் பார்த்தேன். கோழிகள் மண்ணில் கிடந்தன. சில செத்திருந்தன. மற்றவை கழுத்தைத் தூக்க முடியாமல், ஈரத் துணியைப் போட்டதுபோல் தலையைத் தரையில் போட்டுக்கொண்டு மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தன. கூண்டுக்குப் பக்கத்தில் சேற்றில் பச்சை நிறத்தில் ஏதோ கிடந்தது. குனிந்து பார்த்தேன். வேகவைத்த பீன்ஸ். அதன் நடுவில் ஒரு சிவப்பு ரப்பர் வளையம். என் கடை வளையம்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். இரண்டு வருடம் முன்பு பக்கத்து மாவட்டத்தில் வீட்டில் அடைத்த பீன்ஸைச் சாப்பிட்டு ஒரு குடும்பமே போய்ச் சேர்ந்தது. அங்கேயும் மிச்சத்தைத் தின்ற கோழிகள் இப்படித்தான் கழுத்துத் துவண்டு கிடந்தன. சாப்பிட்டவர்களுக்கு முதலில் கண் இமை சொருகும். பிறகு தொண்டையில் எதுவும் இறங்காது. பிறகு மூச்சும் நின்றுவிடும்.

வினியின் சொருகின கண்கள் என் முன்னால் வந்து நின்றன. பாத்திரத்தை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. ஓடினேன்.

ஒரு மணி நேரத்துக்குள் ஊரே சர்ச்சில் இருந்தது. விருந்தில் சாப்பிட்ட அத்தனை பேரையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் நீலண்ட் சொல்லிவிட்டார். ஒவ்வொருவரையும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொன்னார், தன் விரலைப் பின்தொடர்ந்து பார்க்கச் சொன்னார். லியோட்டாவைக் கேட்டால்தான் எந்த ஜாடி என்று தெரியும். அவள் போன பண்ணையில் தொலைபேசி கிடையாது. போதகர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆர்லோ தொப்பியை எடுத்தான்.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி ஓடினான். பயந்து ஓடுகிறான் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

வினி ஆல்மாவின் மடியில் தலைவைத்துக் கிடந்தாள். டாக்டர் விரலை நீட்டினார். அவள் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன டாக்டர்? சொல்லுங்க."

"இப்ப எதுவும் சொல்ல முடியாது வெர்னன். குழந்தைங்களுக்குச் சும்மாவே தூக்கம் வரும். சாயங்காலம் வரைக்கும் பாக்கணும்."

"மருந்து?"

"அதுக்கு மருந்து என்கிட்ட இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார். நான் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கடவுளிடம் பேரம் பேசினேன். கடையை எடுத்துக்கொள், வீட்டை எடுத்துக்கொள், என்னை எடுத்துக்கொள். நானும்தானே மூன்று தட்டு தின்றேன், எனக்கு வராமல் அவளுக்கு மட்டுமா வரும்? யோசித்துப் பார்த்தால் எனக்கும் தொண்டை அடைத்தது. அங்கிருந்த எல்லோருக்குமே அடைத்திருந்தது. எங்கே பார்த்தாலும் ஆட்கள் எச்சில் விழுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிற்பகலில் காரின் சத்தம் கேட்டது. லியோட்டா உள்ளே வந்தாள். தொப்பி கோணலாக இருந்தது. அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை. ஆர்லோ அவள் பின்னால் வந்து, "நான் சொல்லிடவா?" என்று கேட்டான்.

"வேணாம். என் வாயாலதான் சொல்லணும்."

போதகர் எழுந்தார். "சகோதரி பிரிம், கோழிக்குப் போட்ட ஜாடியும் நேத்து விருந்துக்குக் கொண்டுவந்ததும்..."

"நேத்து நீங்க சாப்பிட்டது என் பீன்ஸே இல்லை" என்றாள் லியோட்டா. "டின்னு. ஆர்லோ கடை டின்னு."

போதகர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். லியோட்டா நிறுத்தவில்லை.

"வெள்ளிக்கிழமை ஜாடியத் திறந்தேன். பழைய சீஸு வாடை அடிச்சுது. இன்னொண்ணு திறந்தேன், அதுவும் அப்படியே. ரெண்டையும் கொல்லையில கொட்டினேன். கோழி திங்கும்னு எனக்குத் தோணலை. அதுக்கப்புறம் விருந்துக்கு வெறுங்கையோட வரதா? பின்வாசல் வழியாப் போய் டின் வாங்கினேன். வெங்காயமும் கறியும் மட்டுந்தான் என்னுது."

"ஒரு ஸ்பூன்கூட ஜாடியிலேர்ந்து சேரலையே?" டாக்டர் கேட்டார்.

"பைபிள் மேல கைவச்சுச் சொல்றேன். ஒரு துண்டுகூட இல்லை."

நான் ஆர்லோ பக்கம் திரும்பினேன். "உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா சொல்லாம போன?"

"வாங்கினது தெரியும். ஜாடியையும் கலந்திருந்தா? உன் பொண்ணு உசிரு விஷயத்துல நான் ஊகத்தைச் சொல்லவா? அதான் கேட்டுட்டு வரப் போனேன்."

டாக்டர் நீலண்ட் மறுபடி வினியிடம் குனிந்தார். "ஏம்மா, நேத்து பழப் பை எத்தனை துண்டு தின்னே?"

"நாலு" என்றாள் வினி கண்ணைத் திறக்காமல். "ஆப்பிள் ரெண்டு, செர்ரி ரெண்டு."

அவர் தலையை நிமிர்த்திச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் சர்ச் தரையில் அப்படியே உட்கார்ந்து, ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதேன். வெட்கம் துளிகூடத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பும் அனுபவித்ததில்லை, பின்பும் இல்லை.

லியோட்டா என் முன்னால் வந்து நின்றாள். "என் பேரு போச்சு வெர்னன். இனிமே நீ தெருவுல நின்னு எவ்வளவு வேணும்னாலும் கத்தலாம்."

"பேரு கிடக்கட்டும் லியோட்டா! என் புள்ள பொழச்சாளே. அந்த டின்னை வாங்கின கைய இப்படிக் குடுங்க" என்று இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டேன். அவளும் அழுதாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் கொண்டுவந்த சோளமும் டின்னுதான்." போதகரின் மனைவி. போதகர் வாயைப் பிளந்தார். அடுத்து யாரோ தக்காளி என்றாள், யாரோ சூப் என்றாள். ஒவ்வொருத்தி சொல்லும்போதும் சிரிப்பு கூடிக்கொண்டே போனது.

"எல்லாரும் பின்வாசலா?" என்றேன் ஆர்லோவிடம்.

"முன்வாசல்லதான் நீ நிக்கிறியே!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆல்மா மட்டும் தன் கையுறைத் தையலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வினி முழுசாக விழித்துக்கொண்டாள். பசி என்றாள். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "நேத்து மாதிரி பீன்ஸு" என்றாள்.

நான் ஆல்மாவைப் பார்த்தேன். அவள் மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் கையை விட்டு ஒரு டின்னை எடுத்தாள். இன்னொரு தரம் கைவிட்டுக் கத்தியை எடுத்தாள். நுனியைக் குத்தி, விளிம்போடு ஒரு சுற்று. மூடி கழன்று வந்துவிட்டது. வருஷக்கணக்கில் பழகாத கைக்கு அந்த வேகம் வராது.

"அப்ப நிலவறையில இருக்கறதெல்லாம்?"

"மூணு வருஷமா அதே ஜாடிங்கதான். நீ ஆளுங்களக் கூட்டிட்டு வரதுக்கு முன்னாடி தூசி தட்டி வைப்பேன்."

"நான் தின்னதெல்லாம்?"

"நல்லா இருக்குன்னு நீதானே சொல்லுவ, வெர்னன்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆல்மா பீன்ஸைச் சூடாக்கித் தட்டில் போட்டாள். வினி ஸ்பூன் நிறைய அள்ளி வாயில் வைத்தாள், மென்றாள். அந்தச் சின்னக் கழுத்தில் அது இறங்கியது. அடுத்த வாய் வைத்தாள். அதுவும் இறங்கியது. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்து, தட்டு காலியாகும் வரை ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் வினி.

"இருக்குடி கண்ணு" என்று சொல்லிவிட்டு, மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் நானே கையை விட்டேன்.