பதினொரு பேர் இருக்கும் வீடு

நீதிமன்ற வராந்தாவில் ஹினேவாய் கைப்பையின் வாரை முறுக்குவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிடப் பத்து நிமிடம் இருந்தது.

அண்ணன் மகன் ராவிரியை ஆறு வயதிலிருந்து வளர்த்தவள் அவள். கடலில் அளவுக்கு மேல் பாவா சிப்பி எடுத்து விற்றதற்காக அவனுக்குப் பதினெட்டு மாதச் சிறை. காலில் கண்காணிப்புப் பட்டையோடு அத்தை வீட்டிலேயே காவலில் இருக்கட்டும் என்றுதான் கீழ்க்கோர்ட்டில் கேட்டார்கள். அதைக் கெடுத்தது அவள் வாய்தான், பாவம்.

வீட்டைப் பார்க்க வந்த அதிகாரி, டீயைக் குடித்தபடி, இங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அவள் சுவரில் மாட்டியிருந்த தாயாரின் படத்திலிருந்து தொடங்கி ஒருவரையும் விடாமல் சொன்னாள். பிழைக்க எங்கே போயிருந்தாலும் வீட்டுப் பிள்ளையை எண்ணாமல் விடும் வழக்கம் அவள் சனங்களிடம் இல்லை. அதிகாரி செத்தவர்களை விட்டுவிட்டு, மிச்சம் பதினொரு பேரும் அங்கேயே வசிப்பதாக எழுதிக்கொண்டார். அதில் அவள் மகன் தூரோவாவும் இருந்தான். சிப்பி மூட்டைகளைக் காரில் கொண்டுபோனவன் அவன்தான். கூட்டாளி இருக்கும் வீட்டுக்கு ராவிரியை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

தூரோவாவோ தன் தண்டனையைச் சமூகசேவையாகச் செய்து முடித்துவிட்டு, தென்தீவில் மர ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறான். டிசம்பரில் கோடை தொடங்கும்போதுதான் வீட்டுக்கு வருவான்.

சிறையிலிருந்து ராவிரி வாராவாரம் போனில் பேசப் பேச அவன் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. போன வாரம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அங்க மழையா அத்தை?"

மேல்முறையீட்டுக்காக வக்கீல் லோர்னா ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தாள். வீட்டில் வசிப்பது ஹினேவாய் ஒருத்திதான், காவல் முடியும்வரை மகன் வரமாட்டான் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டாள். ஆனால் மகனிடம் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

உள்ளே கூப்பிட்டதும் அரசு வக்கீல் அதைத்தான் கேட்டார், மெதுவாக. "உங்க மகனுக்கு இது தெரியுமாம்மா?"

சிறையோடு இணைத்த காணொளித் திரையில் ராவிரியின் முகம் தெரிந்தது. மெலிந்திருந்தான். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல அவளால் ஆகாது.

"இன்னும் சொல்லல."

லோர்னா கண்ணை மூடிக்கொண்டாள். அதை இப்போதே சொல்லிவிட்டு வாருங்கள் என்றார் நீதிபதி. பிறகு கால் மணி நேரம் இடைவேளை என்று எழுந்துபோனார்.

வராந்தாவில் நின்று அவள் மகனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ரம்பச் சத்தம்.

"என்னம்மா, விட்டாங்களா அவன?"

"நீ வரமாட்டேன்னாத்தான் விடுவாங்க. இந்தக் கோடைக்கு வராதடா."

"சரி. கிறிஸ்துமஸுக்கு மட்டும் ரெண்டு நாள்..."

"அதுக்கும் வராத. வந்தா கதவத் தெறக்க மாட்டேன்."

ரம்பம் ஓய்ந்தது. "அவனுக்குப் பொரிச்ச ரொட்டி, எனக்குப் பூட்டுன கதவா? எப்பவுமே அவன்தான் ஒனக்குச் செல்லம்."

"ஆமா. அவன் பாத்திரம் கழுவுவான். நீ ஒரு நாளாவது கழுவியிருக்கியா?"

சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "எத்தன மாசம்மா?"

"அவங்க எத்தன சொல்றாங்களோ அத்தன."

அந்தப் பக்கம் ரம்பம் மறுபடி ஓடத் தொடங்கியது.

"வரலன்னு சொல்லிடு," என்றான்.

அவள் உள்ளே போய்ச் சொன்னாள். மகன் கோபப்பட்டதையும் சேர்த்தே சொன்னாள். நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் சிறைத் தண்டனை நீங்கியது. ஏழு மாத வீட்டுக்காவல் என்றார். திரையில் ராவிரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

பட்டை மாட்ட ஆட்கள் வந்த அன்று, வீட்டில் யார் யார் என்று மறுபடியும் கேட்டார்கள். "நானும் இவனும்," என்றாள். வேறு யாராவது? அவள் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. "இல்ல."

அவர்கள் போனதும் ராவிரி வாசலைப் பார்த்தான். "அத்தை, தூரோவா பூட்ஸ் இங்கதான கெடக்கும்?"

"கோழிக்கூட்டுல ஒளிச்சு வெச்சிருக்கேன். நீ வந்து சாப்பிடு."