ரெங்கம்மா நடந்து வந்த கத்திகள்

ரெங்கம்மா மன்னார்ப் பாதையில் நடந்து வருவதை அவள் புருஷன் முருகையா ஆசாரி முதன்முதலாகக் கண்டது 1893ஆம் வருஷம் ஆடி மாதம், ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பட்டறையில், ஒரு வேட்டைக் கத்தியின் அலகில். ஆசாரியிடம் வந்து சேர ஊரிலிருந்து புறப்பட்ட அவளோடு தோணியேறியவர்கள், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து அப்போதே இரண்டு வருஷமாகியிருந்தது. "பேதி கண்டு வழியில உக்காந்துட்டா, பின்னாடி வருவா" என்று சொன்ன கங்காணி அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மகராசன், அவனுக்கு அவன் சோறு செரித்தால் போதும்.

மரைமான் வேட்டைக்குப் போகும் துரைமார் முழ நீளக் கத்தி கேட்பார்கள். இரும்பையும் எஃகையும் அடுக்கிக் காய்ச்சி, மடித்து மடித்து அடித்து, தீட்டி, எலுமிச்சஞ்சாறு தடவினால் அலகில் வரிவரியாகக் கோலம் எழும்பும். பிடிக்கு, நோய் விழுந்து செத்த கோப்பி மரத்தின் கட்டை. அன்றைக்கு எழும்பியது கோலமில்லை, காட்டுப் பாதை. அதில் அரிசி மணியளவு ரெங்கம்மா, தலையில் மூட்டையோடு. கத்தி வாங்க வந்த பதுளைக் கடைக்காரர் புஹாரி நானா கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"உங்க பொஞ்சாதிதான் ஆசாரியார். சரி, பிடி எப்ப போட்டுத் தருவீங்க?"

கத்தி துரையின் கைக்குப் போனதும் அதிலிருந்த பாதை வெறும் வரியாகிவிடும். அடுத்த கத்தியில் அவள் விட்ட இடத்திலிருந்து நடப்பாள். அடிப்பதை நிறுத்தினால் நடுக்காட்டில் நின்றுவிடுவாளோ என்று பயந்து ஆசாரி காய்ச்சலிலும் அடித்தார். மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று ஐந்து வருஷத்தில் பதினெட்டுக் கத்தி. லயத்தில் எவரும் இதை அதிசயமாகப் பேசவில்லை. அரிசி விலைதான் பேச்சு.

பத்தொன்பதாவது கத்தியில் அவள் ஸ்பிரிங்வெளி மலையேறினாள். பாதை அலகைத் தாண்டி, பிடிக்குள் இறங்கும் வால் வரைக்கும் ஓடியது. வாலின் நுனியில் பட்டறைக் கூரை தெரிந்தது. ஆசாரி முகம் மழித்து, சோறு வடித்து வைத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். வருகிறவள் வாசல் வழியாகத்தானே வருவாள்? கண் வாசலில் கிடந்தாலும் கொல்லன் கை சும்மா இருக்குமா? வாலைச் சிவக்கக் காய்ச்சி மரத்தில் இறக்கினால், தனக்கு வேண்டிய துளையை அதுவே சுட்டுக்கொள்ளும். பதினெட்டுக் கத்திக்கும் அப்படித்தான் பிடி போட்டிருந்தார். இதற்கும் போட்டார், பார்க்காமலே. கோப்பிக் கட்டை புகைந்தது. புகையில் தலைமயிர் கருகிய வாடை வந்தது.

"அடி ரெங்கம்மா, நானே சுட்டுட்டேனேடி!"

அந்த அலறல், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் வரைக்கும் கேட்டது. பிடியைப் பிளந்தார். விரல் நுழையாத துளையிலிருந்து சாம்பல் கொட்டியது. ஒரு முழு ஆளின் சாம்பல். லயத்துப் பெண்கள் கொண்டுவந்த பானை நிறைந்து இன்னொரு பானையும் வேண்டியிருந்தது. பதுளு ஓயா ஆற்றில் கரைத்தார்கள். பதினாறாம் நாள் கருமாதி செய்தார்கள். பாவி மனுஷன் அழுத அழுகை சொல்லி மாளாது.

அதற்குப் பிறகும் இருபத்துநான்கு வருஷம் கத்தி அடித்தார். எல்லாவற்றிலும் அதே பாதை வந்தது, ஆளில்லாமல். ஆனால் ஒரு வாலையும் அவர் மறுபடி நெருப்பில் வைக்கவில்லை. துறப்பணத்தால் மரத்தைத் துளைத்து, குளிர்ந்த இரும்பைச் செருகினார். பிடி ஆடுகிறதென்று துரைமார் திட்டினார்கள். புஹாரி நானா ஒருநாள் நயமாகக் கேட்டுப் பார்த்தார்.

"அதான் பாதையில ஒருத்தரும் இல்லையே ஆசாரியார்?"

"எங்கண்ணுக்குத் தெரியல நானா. வேற யாரு வீட்டு ஆளாச்சும் வந்துக்கிட்டிருந்தா?"

அதற்குப் பிறகு நானா ஆடும் பிடியோடுதான் கத்திகளை விற்றார்.